துருப்பிடித்த பிரேக் பைப்பைக் கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர ஊர்களில் ஓடும், ஏழெட்டு வயது தாண்டிய கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பக்கம் இது. ஹைட்ராலிக் பிரேக் உள்ள எந்தச் சிறிய காருக்கும் பெரும்பாலும் பொருந்தும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு இங்கே உள்ளதைவிட வேறு அளவோ வேறு வரிசையோ சொன்னால், கையேட்டையே பின்பற்றுங்கள்.

பிரேக் பைப் என்பது எது? பிரேக் ஹோஸும் அதுவும் ஒன்றா?

இல்லை. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் கிளம்பி, பாடிக்கு அடியில் கிளிப்புகளில் உட்கார்ந்தபடி ஓடும் இரும்புக் குழாய்தான் பைப். சக்கரம் ஏறி இறங்கும் இடத்தில் மட்டும் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதால் அங்கே ரப்பர் ஹோஸ் வரும்.

பெரும்பாலான கார்களில் பைப்பின் வெளிவிட்டம் 4.75 மி.மீ., அதாவது 3/16 அங்குலம். சுவரின் தடிமன் சுமார் 0.7 மி.மீ. மெல்லிய இரும்புத் தகட்டை இரண்டு சுற்றுச் சுருட்டி, செம்பு உருக்கிப் பற்றவைத்த குழாய் இது. மேலே துத்தநாகப் பூச்சும், அதற்கும் மேல் பிளாஸ்டிக் பூச்சும் இருக்கும். ஓங்கி மிதிக்கும்போது உள்ளே 100 பார் வரைகூட அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல்தான். துரு தின்பது இந்த 0.7 மி.மீ. சுவரைத்தான்.

பனியே இல்லாத ஊரில் பைப் ஏன் துருப்பிடிக்கிறது?

பனி நாடுகளில் சாலையில் தூவும் உப்பு செய்யும் வேலையை இங்கே வேறு பல உப்புகள் செய்கின்றன. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை, நாகப்பட்டினம், இராமேசுவரம் போன்ற இடங்களில் உப்புக்காற்று இரவெல்லாம் வண்டியின் அடியில் படிகிறது. தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டிய சாலைகள் வேறு. மீன் ஏற்றிய வண்டிகளிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். அதற்குப் பின்னால் ஓடும் வண்டியின் அடிப்பாகம் நனைகிறது. கடற்கரை மணலில் இறக்கி ஓட்டிய வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

யாரும் சந்தேகப்படாத ஒன்றும் உண்டு: போர் தண்ணீர். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. தினமும் அதில் வண்டியைக் கழுவினால், பைப் கிளிப்புகளில் தினமும் உப்பு சேர்கிறது. வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரை அடிப்பாகத்தில் அடிக்காதீர்கள்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களில் என்ஜினையும் வயரிங்கையும் சரிசெய்தார்கள். கிளிப்புகளுக்குள் புகுந்த சேற்றைப் பலர் எடுக்கவே இல்லை. பழைய கார் வாங்கும்போது அது வெள்ளத்தில் நின்ற வண்டி என்று தெரிந்தால், பிரேக் பைப்பை முதலில் பாருங்கள்.

எந்த இடத்தில் முதலில் துரு வரும்?

கிளிப்புக்குள். பிளாஸ்டிக் கிளிப் பைப்பைக் கவ்வியிருக்கும் இடத்தில் மண்ணும் ஈரமும் தங்கும், வெயில் படாது, காற்றும் போகாது. வண்டி ஆடும்போது பைப் கிளிப்பில் உரசிப் பூச்சும் தேயும். வெளியே தெரியும் பாகம் பளபளவென்று இருந்து, கிளிப்பைக் கழற்றினால் உள்ளே பைப் பாதியாகத் தேய்ந்திருப்பது சாதாரணம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "பைப் நல்லா இருக்கு" என்று சொல்வதை நம்ப முடியாது என்பது இதனால்தான்.

அதற்கு அடுத்து: நட்டுக்குப் பின்னால் உள்ள ஓர் அங்குலம் (ஸ்பேனர் பட்டுப் பூச்சு உரிந்திருக்கும்), பைப்பும் ஹோஸும் சேரும் பிராக்கெட், பின் அச்சின் மேல் படுத்திருக்கும் பைப், பெட்ரோல் டேங்குக்கு மேலே போகும் பகுதி, சக்கர வளைவுக்குள் சேறு அடிபடும் பகுதி. இவற்றில் டேங்குக்கு மேலே உள்ளதுதான் மோசம். டேங்கை இறக்காமல் பார்க்கவும் முடியாது, பெரும்பாலும் மாற்றவும் முடியாது.

நானே பார்க்க முடியுமா? எப்படி?

முடியும். சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு அதனால் பயனில்லை. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே அடியில் போங்கள். வெறும் ஜாக்கியை நம்பியோ, செங்கலை அடுக்கியோ வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

முதலில் பிரேக் ஆயில் டப்பாவின் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கி ஒவ்வொரு பைப்பையும் விரலால் தொட்டபடியே சக்கரம் வரை போங்கள். அண்டர்பாடி பிளாஸ்டிக் மூடி இருந்தால் கழற்றுங்கள். ஈரத்துணியால் மண்ணைத் துடைத்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பைப்பை வெளியே எடுத்துப் பாருங்கள். பழைய கிளிப் உடையும். புதுக் கிளிப்புகள் சில கையில் இருக்கட்டும். பைப்பின் மேல்பக்கம் கண்ணில் படாது. அதற்குச் சின்னக் கண்ணாடியோ, செல்போன் கேமராவோ போதும்.

பூச்சு உப்பியிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். உப்பிய பூச்சுக்குள் துரு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும். பைப் எங்காவது ஈரமாக, வழவழப்பாக இருந்தால் வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி முகர்ந்து பாருங்கள். தண்ணீர் காய்ந்துவிடும், பிரேக் ஆயில் காயாமல் மங்கிய மஞ்சளாக ஒட்டியிருக்கும். ஆயில் ஒற்றி வந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

மேலோட்டமான துருவா, மாற்ற வேண்டிய துருவா என்று எப்படித் தெரியும்?

உப்புத்தாளாலோ மெல்லிய வயர் பிரஷாலோ லேசாகத் தேயுங்கள். பழுப்பு நிறம் போய், கீழே வழவழவென்று இரும்பு தெரிந்தால் அது மேல் துரு. அந்த இடத்தைச் சுத்தம்செய்து, துருத்தடுப்பு மெழுகோ கிரீஸோ பூசி, ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். தேய்த்த பிறகு நகத்தில் குழிகள் தட்டுப்பட்டாலோ, துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ, பைப் ஓரிடத்தில் மெலிந்து தெரிந்தாலோ மாற்றத்தான் வேண்டும்.

அளவு வேண்டும் என்பவர்களுக்கு: பிரிட்டனின் வருடாந்திர வாகனச் சோதனையான எம்.ஓ.டி.யில், சுவர் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 0.25 மி.மீ., குறைந்திருந்தால் பைப் தேறாது. நல்ல அளவுகோல்தான். ஆனால் வெர்னியரை வைத்து அளந்து நிம்மதியடைய வேண்டாம். துரு சீராகத் தின்பதில்லை, குழி குழியாகத் தின்கிறது. சுற்றிலும் 4.6 மி.மீ. காட்டும் பைப்பில் ஒரே ஒரு குழி உள்சுவரைத் தொட்டிருக்கலாம். துருவே உப்பி, அளவைக் கூட்டியும் காட்டும்.

கத்தி முனையால் ஓங்கிச் சுரண்டுவது, இடுக்கியால் நசுக்கிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம்.

துருவின் மேல் அண்டர்பாடி கோட்டிங் அடித்துவிட்டால் போதாதா?

போதாது, கெடுதலும்கூட. கறுப்பு ரப்பர் கோட்டிங் துருவின் மேல் உறைபோல மூடிக்கொள்ளும். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு துரு தொடரும். அடுத்த முறை பார்ப்பவருக்கும் எதுவும் தெரியாது. பழைய கார் வாங்கும்போது அடிப்பாகம் புதிதாகக் கறுப்படித்திருந்தால், பைப் கிளிப்புகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஓடும்போது பைப் உடைந்தால் பிரேக் மொத்தமாகப் போய்விடுமா?

இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்சக்கர டிரைவ் கார்கள் பெரும்பாலானவற்றில் குறுக்காக: ஒரு முன் சக்கரமும் அதற்கு எதிர்மூலைப் பின் சக்கரமும் ஒரு சுற்று. ஒரு சுற்று போனால் மற்றது பிடிக்கும். ஆனால் பெடல் மிக ஆழமாக இறங்கும், நிற்கும் தூரம் ரொம்பக் கூடும், டாஷ்போர்டில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரியும்.

பெடல் திடீரென்று உள்ளே போனால் காலை எடுத்து, மறுபடி மறுபடி வேகமாக மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரே இழுப்பில் இழுத்தால் பின்பக்கம் சுற்றிவிடும். என்ஜினை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

நின்ற பிறகு "ஆயில் ஊற்றி வீடுவரை ஓட்டிவிடலாம்" என்ற யோசனை வேண்டாம். அடுத்த மிதியில் ஊற்றியது முழுதும் ரோட்டில் இருக்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. துருப்பிடித்த பைப் மெதுவாக மிதிக்கும்போது உடைவது குறைவு. ஓங்கி மிதிக்கும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. குறுக்கே மாடு வரும் நேரத்தில்தான் அது உடையும்.

துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டி, நடுவில் ஜாயிண்ட் போடலாமா?

முடிந்தவரை வேண்டாம். ஒரு நட்டிலிருந்து அடுத்த நட்டு வரை முழுப் பைப்பாக மாற்றுவதே முறை. தவிர்க்கவே முடியாத இடத்தில், மீதிப் பைப் உண்மையிலேயே நன்றாக இருந்தால், இரண்டு முனைகளிலும் முறையான ஃப்ளேர் (முனையை விரித்து அடித்த தலை) அடித்து, பிரேக்குக்கென்று விற்கும் யூனியன் என்ற திருகு இணைப்பால் இணைக்கலாம்.

கம்ப்ரஷன் ஜாயிண்ட் கூடவே கூடாது. பித்தளை வளையத்தை நெரித்துப் பிடிக்கும் அந்த வகை தண்ணீர்க் குழாய்க்கும் கேஸ் குழாய்க்கும் சரி. பிரேக் அழுத்தத்தில் பைப் அதிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வரும். எம்.ஓ.டி. விதியிலும் இது ஏற்கப்படுவதில்லை. ஹோஸ் கிளாம்ப் போட்டு ரப்பர் ட்யூப் மாட்டுவது, எம்-சீல் பூசுவது, பித்தளைப் பற்று வைப்பது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

எந்தப் பைப் வாங்குவது?

வண்டிக்கென்று வளைத்து, நட் போட்டு, ஃப்ளேர் அடித்து வரும் கம்பெனிப் பைப் கிடைத்தால் அதுவே எளிது. ஆனால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின்னால் போகும் நீளப் பைப்பை, என்ஜினையோ டேங்கையோ இறக்காமல் அதே வளைவோடு உள்ளே நுழைக்க முடியாமல் போகலாம்.

ரோலில் வாங்குவதானால் மூன்று வகை. பூச்சுள்ள இரட்டைச் சுவர் இரும்புப் பைப்: பழையதைப் போன்றதே, விலை குறைவு, ஃப்ளேர் அடிக்கக் கொஞ்சம் கடினம். செம்பு-நிக்கல் பைப்: சுமார் 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல், உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், ஃப்ளேரும் சுத்தமாக வரும். வோல்வோ 1970களிலேயே இதைத் தன் கார்களில் போடத் தொடங்கியது. கடலோர வண்டிக்கு எங்கள் பரிந்துரை இதுதான். கூடுதல் விலை பத்து வருடத்தில் திரும்பிவிடும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் கடினமான உலோகம்; சாதாரணக் கருவியில் ஃப்ளேர் அடித்தால் விரிசல் விடும்.

ஏ.சி. மெக்கானிக்கிடம் கிடைக்கும் செம்புக் குழாயைப் போடாதீர்கள். அது இந்த அழுத்தத்துக்கும் அதிர்வுக்கும் செய்யப்பட்டதல்ல. அதிர்வில் செம்பு இறுகி, நட்டுக்குப் பக்கத்தில் விரிசல் விடும்.

ஃப்ளேர், மரை என்கிறார்களே, அதில் எதைப் பார்க்க வேண்டும்?

பைப் முனையை விரித்து அடித்த தலைதான் ஃப்ளேர். கசிவில்லாமல் அடைப்பது மரை அல்ல. நட் அழுத்த, இந்தத் தலை எதிர்ப்பக்க இருக்கையில் நசுங்கி உட்காருவதுதான். அதனால் டெஃப்ளான் டேப் சுற்றுவதில் அர்த்தமே இல்லை. டேப் துணுக்கு உள்ளே போய் வால்வை அடைக்கும்.

இரண்டு வகை ஃப்ளேர் புழக்கத்தில் உண்டு. ஜப்பானிய, கொரிய வழிவந்த கார்களில் டபுள் ஃப்ளேர்: முனை புனல்போல விரிந்து, விளிம்பு உள்ளே மடிந்து இரட்டைத் தடிமனாக இருக்கும். ஜெர்மன் கார்களில் பப்பிள் ஃப்ளேர்: முனை உருண்டையாகப் புடைத்திருக்கும். ஒன்றின் இருக்கையில் மற்றதை வைத்து முறுக்கினால் முதலில் பிடிப்பதுபோல் இருக்கும், பிறகு கசியும்; இருக்கையும் கெட்டுவிடும்.

மரையில், இன்றைய கார்கள் பெரும்பாலும் எம்10 × 1.0 (விட்டம் 10 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி). பிரிட்டிஷ், அமெரிக்க வழி வந்த பழைய வண்டிகளில் 3/8 அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 24 மரை வரும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒன்றில் மற்றது இரண்டு சுற்று ஏறவும் ஏறும். அப்புறம் பலமாகத் திருகினால் மாஸ்டர் சிலிண்டரின் மரை போய்விடும். புது நட்டை விரலால் மட்டும் திருகி உள்ளே போகிறதா என்று பாருங்கள். பழைய நட்டையும் வெட்டிய பழைய முனையையும் கடைக்கே கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

என்னென்ன கருவிகள், பொருட்கள் வேண்டும்?

ஃப்ளேர் நட் ஸ்பேனர் (ரிங் ஸ்பேனரில் பைப் நுழைய ஒரு வெட்டு விட்டது) முக்கியம். எம்10 நட்டுக்கு ஜப்பானிய வண்டிகளில் பொதுவாக 10 மி.மீ., ஐரோப்பிய வண்டிகளில் 11 மி.மீ. ஓப்பன் ஸ்பேனர் போட்டால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும். அத்துடன் சின்ன டியூப் கட்டர், டபுள் ஃப்ளேர் அடிக்கும் கருவி, பைப் வளைக்கும் கருவி, மெல்லிய அரம், துருத் தளர்த்தும் ஸ்பிரே.

ஃப்ளேர் கருவி கடன் வாங்கும்போது கவனம்: ஏ.சி. மெக்கானிக் வைத்திருப்பது பெரும்பாலும் சிங்கிள் ஃப்ளேர் கருவி. பிரேக்குக்கு அது உதவாது.

சின்னக் காரில் பின்னால் போகும் ஒரு பைப்புக்கு 3 முதல் 4 மீட்டர் வரை ஆகும். சந்தையில் வரும் 25 அடி ரோல், அதாவது 7.6 மீட்டர், இரண்டு நீளப் பைப்புக்குப் பெரும்பாலும் போதும்; அளந்து பார்த்து வாங்குங்கள். பிரேக் ஆயில் 1 லிட்டர், அரை லிட்டர் டப்பாவாக இரண்டு. ஆயில் மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 5 சிலிக்கான் வகை. மற்றவற்றோடு கலக்கக் கூடாது. திறந்து வைத்து மாதக்கணக்கான டப்பா வேண்டாம்: இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிதான்.

என்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் கொஞ்சம் கலந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும். பெட்ரோல், டீசலால் கழுவுவதும் அப்படித்தான்.

பழைய பைப்பைக் கழற்றும்போது நட் சுழலாமல் பைப்பே முறுக்கிக்கொள்கிறது. என்ன செய்வது?

பைப்பில் கை வைக்கும் முன், நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்கும் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும்) பிளீடர் நிப்பிள்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். அவை உடைந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். வீல் சிலிண்டரோ காலிப்பரோ வாங்கி வைத்துக்கொண்டு தொடங்க வேண்டியிருக்கும்.

முதல் நாளே ஒவ்வொரு நட்டையும் வயர் பிரஷால் தேய்த்து ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். மறுநாள் மறுபடி அடியுங்கள். கழற்றும்போது முதலில் ஒரு நூல் அளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். துரு உடையும் சத்தம் கேட்கும். ஹோஸோடு சேரும் இடத்தில், ஹோஸின் தலையை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்காமல் நட்டைத் திருப்பினால் ஹோஸ் முறுக்கி உள்ளே கிழியும்.

நட் பைப்போடு ஒட்டிக்கொண்டதென்றால் போராட வேண்டாம். அந்தப் பைப் எப்படியும் குப்பைக்குத்தான். நட்டுக்குப் பக்கத்தில் பைப்பை வெட்டிவிட்டு, ஆறு மூலை சாக்கெட்டை நேராக நட்டின் மேல் இறக்குங்கள். ஸ்பேனரில் வராத நட் சாக்கெட்டில் வந்துவிடும். தீ காட்ட நினைத்தால், ரப்பரும் ஆயிலும் பக்கத்தில் இருப்பதை மறக்காதீர்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயே காட்டக் கூடாது: சில கிளீனர்களில் உள்ள குளோரின் கரைப்பான் சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

பைப்பைத் திறந்ததும் டப்பா ஆயில் முழுதும் ஒழுகிவிடாமலிருக்க ஒரு வழி: பெடலை ஓர் அங்குலம் போல அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் இறங்கும் துளை மூடிக்கொள்ளும். பின்பக்கப் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் அதன் ஃபியூஸை எடுத்து வையுங்கள். திறந்த முனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். ஆயில் பெயின்டில் பட்டால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். விட்டால் பெயின்ட் உரியும்.

பழைய பைப்பை முடிந்தவரை வளைவு கெடாமல் முழுசாக வெளியே எடுங்கள். புதுப் பைப்புக்கு அதுதான் அச்சு. எடுக்கும் முன் ஒவ்வொரு வளைவையும் கிளிப்பையும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

புதுப் பைப்பை வெட்டி, வளைத்து, ஃப்ளேர் அடிப்பது எப்படி?

பழைய பைப்பின் மேல் ஒரு சணல் கயிற்றை வளைவுகளோடு சேர்த்து ஒட்டிப் பிடித்து நீளம் எடுங்கள். இரண்டு ஃப்ளேருக்கும் சேர்த்து 20 மி.மீ. கூட்டுங்கள்.

ஹாக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள். வெட்டு கோணலாகும், துகள் உள்ளே போகும். டியூப் கட்டரைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி வெட்டி, உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் பிசிரை எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பூச்சுள்ள இரும்புப் பைப்பானால் ஃப்ளேர் வரும் இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் பூச்சை உரியுங்கள். பிசிர் மீந்த பைப்பில் அடித்த ஃப்ளேரில் விரிசல் வருவது நிச்சயம்.

நட்டைப் பைப்பில் கோர்த்தாயிற்றா? எல்லோருக்கும் ஒருமுறையாவது நடப்பது: அருமையாக ஃப்ளேர் அடித்து முடித்த பிறகுதான் நட் மேசையில் கிடப்பது தெரியும்.

டபுள் ஃப்ளேருக்கு, பைப்பைக் கருவியின் பட்டையில் இறுக்கி, அடாப்டரின் தோள் உயரத்துக்குச் சமமாக முனையை வெளியே விடுங்கள். அந்த உயரம் சரியாக இருந்தால் மீதி தானாக வரும். முனையில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் தொட்டு, அடாப்டரை நுழைத்து, தோள் பட்டையில் உட்காரும்வரை திருகுங்கள். முனை உருண்டையாகும். அடாப்டரை எடுத்துவிட்டு, கூம்பை நேரடியாக இறக்கித் திருகினால் உருண்டை உள்ளே மடிந்து இரட்டை விளிம்பாகும். பப்பிள் ஃப்ளேருக்கு அதற்கான டையில் முதல் கட்டத்தோடு நிறுத்த வேண்டும்.

வந்த ஃப்ளேரை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, மயிரிழை விரிசல் இருந்தாலோ வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி அடியுங்கள். முதலில் வீணான துண்டுகளில் நாலைந்து அடித்துப் பழகிக்கொள்வது மலிவு. பட்டை நழுவினால் திருகை இன்னும் இறுக்கிப் பயனில்லை, கருவி தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வளைக்கும்போது 15 மி.மீ.க்குக் குறைந்த ஆரத்தில் வளைக்காதீர்கள். நட்டுக்கு முன்னால் 30 முதல் 40 மி.மீ. நேராக இருக்க வேண்டும், இல்லையென்றால் நட் பின்னால் நகராது. மடிந்து நசுங்கிய பைப்பை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது.

பொருத்தும்போது எவ்வளவு இறுக்கலாம்?

இரண்டு முனைகளையும் முதலில் விரலால் திருகி உட்கார வையுங்கள். பைப்பை இழுத்துப் பிடித்து நட்டை நேராக்க வேண்டியிருந்தால் வளைவு தவறு, அதைத் திருத்துங்கள். பிறகு எம்10 நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் குட்டை ஸ்பேனரில் ஒரு கையின் பலம் போதும். ஒருமுறை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கினால் ஃப்ளேர் இருக்கையில் நன்றாகப் படியும். கசிந்தால் மேலும் மேலும் இறுக்குவது தீர்வல்ல. கழற்றி ஃப்ளேரைப் பாருங்கள்.

கிளிப் ஓர் அடிக்கு ஒன்றாவது வேண்டும். ஆடும் பைப் அதிர்ந்தே உடையும். சைலன்ஸர் குழாய்க்கு விலகி, பழைய பாதையிலேயே போகட்டும். அசையும் பாகங்களுக்கும் பைப்புக்கும் இடையே 25 மி.மீ. விடுங்கள். செம்பு-நிக்கல் பைப் வெறும் இரும்பில் உரசக் கூடாது. இரும்புக் கிளிப்பானால் உள்ளே ரப்பர் உறை போடுங்கள்.

ஏர் எடுப்பது எப்படி? ஏ.பி.எஸ். இருந்தால்?

பெடலுக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்துவிட்டு, டப்பாவை நிரப்புங்கள். வலது கை ஓட்டு வண்டிகளில் வழக்கமான வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் தெளிந்த ட்யூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைத் திறந்து, பெடல் இறங்கியதும் மூடி, அதன் பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். "மிதி", "பிடிச்சிருக்கேன்", "விடு" என்று வாய்விட்டுச் சொல்லிச் செய்தால் தப்பு வராது. குமிழி நிற்கும்வரை தொடருங்கள். நாலைந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அது காலியானால் எல்லாம் முதலிலிருந்து.

பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். வழக்கமாகப் போகாத பகுதியில் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசடு படிந்திருக்கும், சீல் அதில் ஏறிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை போடுங்கள்.

பின் அச்சில் சுமைக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டிகளும் உண்டு. பின் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த வால்வு பாதையைக் குறுக்கிவிடும், ஏர் வராது. ஸ்டாண்டை அச்சுக்குக் கீழே வைத்து, எடை அச்சில் இறங்கும்படி செய்து ஏர் எடுங்கள்.

ஏ.பி.எஸ். வண்டியில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் இதே முறை போதும். ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் பெடல் பஞ்சாகவே இருக்கும். ஸ்கேன் கருவியால் உள்ளேயுள்ள வால்வுகளை இயக்கித்தான் எடுக்க முடியும்.

வேலை முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

எடுத்து வைத்த பிரேக் விளக்கு ஃபியூஸைத் திரும்பப் போடுங்கள். என்ஜினை ஓடவிட்டு, பெடலை முழுப் பலத்தோடு அரை நிமிடம் மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. அந்த நேரத்திலேயே ஒவ்வொரு நட்டையும் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றுங்கள். ஆளில்லாத இடத்தில் 10, 20 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுங்கள். மறுநாள் காலை ஆயில் மட்டத்தையும் நட்டுகளையும் இன்னொரு முறை பாருங்கள்.

ஒரு பைப்தான் கசிகிறது. மற்றவற்றையும் மாற்ற வேண்டுமா?

எல்லாப் பைப்பும் ஒரே வயது, ஒரே உப்பு. ஒன்று ஓட்டையானால் பக்கத்தில் அதே கிளிப்பில் ஓடும் பைப் பின்தங்கியிருக்காது. அடியில் ஓடும் இரண்டு நீளப் பைப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். என்ஜின் அறைக்குள் இருப்பவை பெரும்பாலும் தப்பித்திருக்கும். பார்த்து முடிவு செய்யுங்கள். டேங்கை இறக்குகிறீர்கள் என்றால் அதற்கு மேலே உள்ள பெட்ரோல் பைப்பையும் பார்த்துவிடுங்கள்.

பட்டறையில் கொடுத்தால் எதைக் கேட்க வேண்டும்?

என்ன உலோகப் பைப், டபுள் ஃப்ளேர் அடிக்கும் கருவி இருக்கிறதா, நடுவில் ஜாயிண்ட் வருமா, கிளிப் புதிதா: இந்த நான்கு கேள்வி. கழற்றிய பைப்பைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

எஃப்.சி.யில் (வண்டித் தகுதிச் சோதனையில்) தேறிவிட்டது. அப்படியானால் பைப் நல்ல நிலையில்தானே இருக்கிறது?

அப்படிச் சொல்ல முடியாது. சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் கழித்துத்தான் பதிவைப் புதுப்பிக்கும் சோதனை வருகிறது. கடலோரத்தில் அதற்குள் பைப் போய்விடும். அன்றைக்குப் பிரேக் பிடிப்பதை வைத்துக் கிளிப்புக்குள் இருக்கும் துருவைச் சொல்லவும் முடியாது.

லண்டனிலும் டொரன்டோவிலும் இருப்பவர்களுக்கு வேறு ஏதாவது உண்டா?

குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இங்குள்ள கடற்காற்றைவிட வேகமாகத் தின்னும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனமான என்.எச்.டி.எஸ்.ஏ., ஜெனரல் மோட்டார்ஸின் 1999 முதல் 2003 வரையிலான பிக்கப், எஸ்.யூ.வி. வண்டிகளின் பைப் துருவைப் பல வருடம் ஆராய்ந்து, 2015இல் ரீகால் இல்லாமல் முடித்தது. உப்பு தூவும் மாநிலங்களில் வண்டியின் அடிப்பாகத்தைத் தவறாமல் கழுவிப் பரிசோதிக்கச் சொன்னது. குளிர்காலத்தில் மாதம் ஒருமுறையும், வசந்தம் வந்ததும் ஒருமுறை நன்றாகவும் அடிப்பாகத்தைக் கழுவுங்கள்.

புதுப் பைப் நீண்ட நாள் உழைக்க என்ன செய்யலாம்?

மழைக்காலம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவி, காய்ந்த பிறகு கிளிப்புகளைத் திறந்து மண்ணை எடுத்து, துருத்தடுப்பு மெழுகைப் பைப்பிலும் நட்டுகளிலும் பூசுங்கள். ரப்பர் ஹோஸில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள், கையேடு அதற்கும் முன்னால் மாற்றச் சொன்னால் அப்போதே.